கதவு திறப்பதற்கான இயல்பான முறை

கண்ணாடிக்காரருக்குப் போனில் பேச வராது. கடையில் உட்கார்ந்தால் வாய் ஓயாத மனுஷர். பவர் பார்க்க வந்தவரிடம் பவரைப் பற்றிப் பேசி, பிரேமைப் பற்றிப் பேசி, வந்தவருடைய மாமனார் மூக்கில் எந்தக் கண்ணாடி நிற்காது என்பது வரைக்கும் பேசி முடித்துவிட்டுத்தான் பில் போடுவார். அப்படிப்பட்டவர் கையில் போனைக் கொடுத்து, அந்தப் பக்கம் பெற்ற மகளை வைத்துவிட்டால் போதும், வாயடைத்துப் போய்விடும். "சாப்பிட்டியா?" என்பார். "உடம்பு நல்லா இருக்கா?" என்பார். அடுத்தது "சரி, வச்சிடவா?"தான்.

மகள் கடல் தாண்டி ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அப்பாவின் இந்த லட்சணம் தெரிந்துதான், போன பிறந்தநாளுக்கு ஒரு வீடியோ கேம் பெட்டியை வாங்கி அனுப்பினாள். கூடவே கையில் பிடிக்கிற கன்ட்ரோலர் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் அவள் அங்கேயும் இவர் இங்கேயும் உட்கார்ந்து 'ஆயிரங்கதவு' ஆடுவார்கள்.

அந்த ஆட்டத்தைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இருண்ட மாளிகை ஒன்று. நம் கண்ணால் நாமே பார்க்கிற மாதிரி இருக்கும். நம் முகம் தெரியாது, இரண்டு கைகள் மட்டும் திரையில் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு கதவைத் திறந்தால் இன்னொரு கதவு. நடுநடுவே சாவி கொடுத்த பொம்மைகள் கழுத்தைப் பிடிக்க வரும். அவ்வளவுதான் கதை. ஆனால் அதில்தான் கண்ணாடிக்காரருக்கு வாய் திறந்தது. கட்டைவிரல் பாட்டுக்குப் பட்டனை அழுத்திக்கொண்டிருக்கும், வாய் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கும். கடைக்கு வந்தவன் கதை, பக்கத்து வீட்டுக் குழாய்ச் சண்டை, மகளுடைய வார்டில் யார் யாரைத் திட்டினார்கள், எல்லாம் அந்தக் கதவுகளுக்கு நடுவேதான் நடந்தது. "அப்பா, வலது பக்கம் பொம்மை!" "பார்த்துட்டேன்மா, நீ சொல்லு, அந்தப் பெரிய டாக்டர் அப்புறம் என்ன சொன்னார்?"

அதே ஹாலில் ஒரு மூலையில் உட்கார்ந்து அவர் மனைவி துணி மடிப்பார். ரிட்டயர்டு தலைமையாசிரியை. வீட்டிலும் தெருவிலும் அவருக்கு ஹெச்.எம். என்றே பெயர், கட்டின கணவரே அப்படித்தான் கூப்பிடுவார். மகள் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பிய அன்று ஹெச்.எம். வாசலில் நின்று, "போறதுன்னா ஒரேயடியா போ. இனிமே இந்தக் கதவு உனக்குத் திறக்காது" என்று ஒரு வார்த்தையை விட்டுவிட்டார். கோபத்தில் வந்த வார்த்தை என்று சொன்னவருக்கும் தெரியும், கேட்டவளுக்கும் தெரியும். ஆனால் அம்மாவும் பெண்ணும் ஒரே அச்சு. யார் முதலில் பேசுவது என்பதிலேயே இரண்டு வருஷம் ஓடிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஹெச்.எம். மடித்த துணியையே உதறி உதறித் திரும்ப மடிப்பார். காது முழுக்க டிவியில்தான் இருக்கும்.

இப்படி ஒரு குடும்பம் ஒரு பட்டனைப் பிடித்துக்கொண்டு தொங்குவது பொறுக்காமலோ என்னவோ, மெய்யசைவு ஆணையம் தன் ஆணையை வெளியிட்டது.

ஆணையத்தின் வாதம் பெரிய வாதம். மக்கள் சோபாவில் சரிந்து கிடந்து, கட்டைவிரலை மட்டும் ஆட்டி, மாளிகைகளைச் சுற்றி வருகிறார்கள். இது தேசத்துக்கு நல்லதல்ல. இனி முதல் ஆள் பார்வையில், அதாவது தன் கண்ணால் பார்க்கிற மாதிரி, ஆடுகிற எல்லா ஆட்டங்களையும் உடம்பை அசைத்துத்தான் ஆட வேண்டும். டிவிக்கு மேல் ஒரு கேமரா பொருத்தப்படும். கதவைத் திறக்க வேண்டுமானால் கதவைத் திறப்பது போல் அசைய வேண்டும், திரையில் கதவு திறக்கும். பட்டன் வைத்த கருவிகளை ஒப்படைத்துவிட வேண்டும். மெய்யசைவுச் சான்று வாங்காதவர்கள் வீட்டுப் பெட்டி பூட்டிக்கொள்ளும்.

ஊரெல்லாம் சுவரொட்டி. "முதல் ஆள் யார்? நீங்கள்! உங்கள் கை யாருடையது? உங்களுடையது! பிறகு விரலுக்கு எதற்கு வேலை?" என்று கேட்டிருந்தார்கள். கண்ணாடிக்காரர் அதை மூன்று கோணத்தில் நின்று படித்துப் பார்த்தார். கேள்விகள் புரிந்தன, முடிவுக்கு எப்படி வந்தார்கள் என்பதுதான் புரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெட்டி பூட்டிக்கொண்டது. மகள் போனில் கூப்பிட்டாள்.

"என்னப்பா, வரலையா?"

"இல்லம்மா, சான்று வேணுமாம். சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

"உடம்பு நல்லா இருக்கா?"

"ம்."

"சரி, வச்சிடவா?"

வைத்த பிறகு போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் மனுஷர். மூலையில் ஹெச்.எம். மடித்த துண்டைப் பிரித்தார். "அவ்ளோதானா?" என்றார். "அவ்ளோதான்" என்றார் இவர்.

திங்கட்கிழமை கடையை அடைத்துவிட்டுக் கண்ணாடிக்காரர் ஆணையத்துக்குப் போனார். கட்டடம் பெரிது. வாசல் கதவு அதைவிடப் பெரிது, ஆனால் பொதுமக்களுக்குப் பக்கவாட்டில் ஒரு இடுக்கு விட்டிருந்தார்கள். உள்ளே தேர்வுக் கூடம். வரிசையாகத் தடுப்புகள், ஒவ்வொரு தடுப்பிலும் ஒரு திரை, ஒரு கேமரா, ஒரு நாற்காலி, திரையில் ஒரு மூடிய கதவு.

"கதவைத் திறங்க. உள்ள போங்க. பொம்மை வந்தா சமாளிங்க. அவ்ளோதான் பரீட்சை" என்றார் மேற்பார்வை பார்த்த பெண் ஊழியர், கொட்டாவியோடு.

இதென்ன பிரமாதம் என்று கண்ணாடிக்காரர் கையை நீட்டினார். அவருடைய வலது தோள் ஏற்கெனவே இறுகிப்போன தோள், நாளெல்லாம் லென்ஸை உரசி உரசி வந்த வினை. இருந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு, காற்றில் ஒரு குமிழைப் பிடித்துத் திருகினார்.

'கதவு திறக்கவில்லை. தங்கள் அசைவு இயல்பாக இல்லை' என்றது திரை.

இழுத்துப் பார்த்தார். தள்ளிப் பார்த்தார். இடது கையால் இழுத்து வலது காலால் உதைத்துப் பார்த்தார். 'இயல்பாக இல்லை.' தாழ்ப்பாளை விலக்குகிற மாதிரி, சாவி போடுகிற மாதிரி, ஷட்டரைத் தூக்குகிற மாதிரி எல்லாம் செய்து பார்த்தார். கதவு அசையவே இல்லை.

பக்கத்துத் தடுப்பில் ஒரு ஆசாரி வியர்த்து விறுவிறுத்துப் போய் நின்றார். "நான் கதவு செய்யறவன்யா!" என்று திரையைப் பார்த்துக் கத்தினார். "என் கையால எத்தனை வீட்டுக்குக் கதவு மாட்டியிருப்பேன்! எனக்கா திறக்கத் தெரியாது?"

'தங்கள் அசைவு இயல்பாக இல்லை' என்றது திரை.

"இவன் யாருய்யா எனக்கு இயல்பு சொல்லித்தர்றது!" என்று அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

கண்ணாடிக்காரருக்குத் தோள் விண்விண் என்று தெறித்தது. இனி கையைத் தூக்கவே முடியாது என்று இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு நின்றார். கூடத்தில் ஒரே தூசி. தொண்டை கமறியது. லேசாக இருமினார்.

கதவு அகலத் திறந்தது.

'மிக இயல்பான அசைவு' என்று திரை பாராட்டியது. அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆசாரியைக் கூப்பிடலாமா என்று திரும்பிப் பார்த்தார், ஆளைக் காணோம்.

உள்ளே போக வேண்டும். நின்ற இடத்திலேயே நடந்து பார்த்தார். ஓடிப் பார்த்தார். ம்ஹும். மூச்சு வாங்கியதால் பின்னால் கிடந்த நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். உட்கார்ந்ததுதான் தாமதம், திரையில் மாளிகை சர்ரென்று முன்னால் நகர்ந்தது. எழுந்தால் நின்றது. உட்கார்ந்தால் போனது. மக்களைச் சோபாவிலிருந்து எழுப்புவதற்காகக் கொண்டுவந்த திட்டத்தில் உட்கார்ந்தால்தான் வண்டி ஓடுகிறதே, இது என்ன கூத்து என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தபோது பொம்மை வந்துவிட்டது. கையை வீசினார், குத்தினார், தள்ளினார். பொம்மை சாவகாசமாக அவர் கழுத்தை நெரித்தது. ஆட்டம் முடிந்தது. தோல்வி.

"எப்படிங்க அந்தப் பொம்மையை அடிக்கிறது?" என்று பெண் ஊழியரிடம் கேட்டார்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது சார். நானே மூணு தடவை ஃபெயிலு" என்று அந்த அம்மாள் உதவி இயக்குநரின் அறையைக் காட்டினார்.

உதவி இயக்குநர் இளம் வயதுக்காரர், பேச்சு மட்டும் முதிர்ந்த பேச்சு. கண்ணாடிக்காரரை நிற்க வைத்தே விளக்கினார்.

"இயல்பான அசைவு எது என்பதை நாங்கள் கற்பனை செய்யவில்லை, ஐயா. அறிவியல்பூர்வமாகப் பதிவு செய்தோம். இதற்கு யாரைப் பதிவு செய்வது என்று ஒரு கேள்வி வந்தது. தெருவில் போகிறவர்களைப் பிடித்துப் பதிவு செய்தால் தரம் என்னாவது? ஆகவே ஆணையத்தின் உயர் அதிகாரிகள் அனைவரையும் ஒரு மாதம் கேமராவால் பின்தொடர்ந்தோம். அவர்கள் அன்றாடம் எப்படிக் கதவைத் திறக்கிறார்களோ, அதுவே அளவுகோல்."

"அவங்க எப்படி சார் திறக்கிறாங்க?"

"கதவுக்கு முன்னால் போய் நிற்பார்கள். கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வார்கள். இருமுவார்கள். கதவு திறக்கும்."

"நடக்கிறதுக்கு?"

"காரில் ஏறி உட்காருவார்கள். இடம் நகரும்."

கண்ணாடிக்காரர் எச்சில் விழுங்கினார். "பொம்மை... எதிராளி வந்தா?"

உதவி இயக்குநர் ஆள்காட்டி விரலைத் தூக்கிக் காற்றில் ஒரு கிறுக்குக் கிறுக்கினார். "கையெழுத்து. ஆளை இடமாற்றம் செய்துவிடுவார்கள். எங்கள் அதிகாரிகள் எதிரிகளை அடித்த வரலாறே கிடையாது, ஐயா. நாகரிகமான நிறுவனம் இது."

சரி, சூட்சுமம் தெரிந்துவிட்டது என்று கண்ணாடிக்காரர் மறுபடி தடுப்புக்குள் ஓடினார். இருமினார், கதவு திறந்தது. உட்கார்ந்தார், மாளிகை நகர்ந்தது. பொம்மை வந்தது. விரலைத் தூக்கித் தன் பெயரை முழுசாக, கடைக்கு வருகிறவர்களுக்கு எழுதிக் கொடுக்கிற மாதிரி குண்டு குண்டாக, காற்றில் எழுதினார்.

'கையெழுத்து படிக்கும்படி இருப்பதால் ஏற்கப்படவில்லை' என்றது திரை. பொம்மை கழுத்தைப் பிடித்தது.

கிறுக்கிப் பார்த்தார். அவர் கை கிறுக்கினாலும் எழுத்து தெரிந்தது. பாழாய்ப்போன பழக்கம். அந்த வாரம் முழுக்க முயற்சி செய்தார், அடுத்த ஞாயிறும் போயிற்று. மகள் போனில் கூப்பிடவில்லை, 'பரவாயில்லப்பா, அப்புறம் பார்க்கலாம்' என்று மெசேஜ் மட்டும் அனுப்பினாள். அந்த 'அப்புறம்' அவரைப் பிடுங்கித் தின்றது. கடையில் வந்தவர்களிடம்கூட அவர் சரியாகப் பேசவில்லை.

கடைசியில் ஆணையத் தலைவர் நேரிலே அமர்ந்து குறை கேட்கும் நாள் ஒன்று வந்தது. கண்ணாடிக்காரர் தன் கன்ட்ரோலரை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு போனார். நீள மேஜை, அதைச் சுற்றி உறுப்பினர்கள். தலைவர் வந்தார். அதாவது, கதவுக்கு வெளியே ஒரு இருமல் கேட்டது, அவருடைய உதவியாளர் கதவை இழுத்துத் திறந்தார், தலைவர் உள்ளே வந்தார். உதவியாளர் சாத்திவிட்டுச் சுவரோரம் நின்றுகொண்டார். மேஜையில் இருந்த ஒருவரும் அந்த மனிதர் பக்கம் திரும்பவில்லை.

"உங்கள் குறை என்ன?" என்றார் தலைவர்.

"சார், எனக்கு என் பழைய கன்ட்ரோலரே போதும். தோள் வலி. அதோட, நான் விளையாடறதே என் பொண்ணுகூடப் பேசறதுக்குத்தான்."

"பேசுவதற்குத் தொலைபேசி இருக்கிறதே?"

"அதுல எனக்குப் பேச வராது சார்."

தலைவர் கனிவாகச் சிரித்தார். "எனக்கும் ஒரு மகன் இருக்கிறான். அவனும் வெளிநாட்டில்தான். ஒரு வாரம்கூடத் தொடர்பு விட்டுப்போனதில்லை. என் செயலர் தவறாமல் அவனிடம் பேசிவிடுகிறார். மனம் இருந்தால் வழி கிடைக்கும்." உறுப்பினர்கள் தலையாட்டினார்கள். ஒருவர் நெகிழ்ந்துபோய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தலைவர் தொடர்ந்தார். "பட்டன் என்பது என்ன? ஒரு சிறு அழுத்தம், ஒரு பெரிய விளைவு. அழுத்துகிறவன் எந்தச் சிரமமும் படுவதில்லை. வேறு எங்கோ, வேறு எதுவோ அவனுக்காக ஓடி உழைக்கிறது. இது ஒரு மனிதனை எவ்வளவு சோம்பேறியாக்கும் என்று யோசித்தீர்களா?" என்று கேட்டுவிட்டு, தாகம் எடுத்ததால் மேஜை மீதிருந்த மணியை ஒரு விரலால் அழுத்தினார். உதவியாளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். தலைவர் குடித்தார். "நானே அத்தனையையும் உடம்பை அசைத்துத்தான் செய்கிறேன்" என்றார்.

கண்ணாடிக்காரருக்கு ஒரு சந்தேகம் வந்தது. குறும்பாகக் கேட்க வேண்டும் என்றெல்லாம் அவருக்குத் தோன்றவில்லை. குழம்பிப்போன மனுஷர், புரியாமல்தான் கேட்டார்.

"சார், நீங்க இருமினதும் கதவு திறக்குதே... அதை யார் சார் திறக்கிறாங்க?"

உறுப்பினர்கள் தலைவரைப் பார்த்தார்கள்.

"யார் என்றால்? திறக்கும்" என்றார் தலைவர்.

"இல்ல சார், இப்ப நீங்க வந்தப்போ அவர்தானே திறந்தார்?" என்று சுவரோரம் நின்றவரைக் காட்டினார்.

எல்லாரும் திரும்பினார்கள். பல வருஷமாக அங்கேயே நிற்கிற மனிதரை ஆணையம் அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தது. அவர் சங்கடத்தோடு ஒரு கும்பிடு போட்டார்.

"இவர் திறப்பது எப்படி என்று பதிவாகியிருக்கிறதா?" என்று தலைவர் கேட்டார். உதவி இயக்குநர் வெலவெலத்துப்போனார். இல்லை, கேமராக்கள் அதிகாரிகளை மட்டும்தான் பின்தொடர்ந்தன. உடனே செயல்முறை விளக்கம் காட்டும்படி உத்தரவானது. உதவியாளர் கதவருகே போய், கைப்பிடியைப் பிடித்து, இழுத்தார். கதவு திறந்தது.

"இழுக்கிறார்!" என்றார் ஒரு உறுப்பினர், ஆச்சரியம் தாங்காமல்.

"மறுபடி செய்யச் சொல்லுங்கள்" என்றார் இன்னொருவர். மறுபடி செய்தார். ஒரு அம்மையார் எழுந்து போய்க் கைப்பிடியைத் தொட்டுப் பார்த்து, "குளிர்ச்சியாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

கொள்கைச் சிக்கல் என்று ஆணையம் கலைந்து, தனியறையில் கூடி, மத்தியானச் சாப்பாடு முடிந்து திரும்ப வந்தது. தலைவர் தீர்ப்பைப் படித்தார்.

"கதவு திறப்பதில் இரண்டு பங்கு உண்டென்று ஆணையம் கண்டறிந்துள்ளது. இருமுகிறவர் அசைவாளர். திறக்கிறவர் உதவியாளர். மெய்யசைவு என்ற உயர்ந்த கடமை அசைவாளருக்கே உரியது. அவருக்குச் சான்று கட்டாயம். உதவியாளர் கையால் திறக்கலாம், காலால் திறக்கலாம், பட்டனாலும் திறக்கலாம். அவர் என்ன செய்கிறார் என்று ஆணையம் பார்க்காது. பார்த்த வழக்கமும் இல்லை. ஒரே நிபந்தனை, உதவியாளர் கேமராவின் கண்ணில் படக் கூடாது."

கண்ணாடிக்காரரின் கன்ட்ரோலரில் 'உதவியாளர் உபயோகத்துக்கு மட்டும்' என்று ஒரு அட்டையைக் கட்டித் திருப்பிக் கொடுத்தார்கள்.

பாதிக் கிணறு தாண்டியாயிற்று. இனி வீட்டில் ஒரு அசைவாளர் வேண்டும். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு இருமத் தெரிந்தவர், உட்கார்ந்த இடத்திலிருந்து காரியம் நடத்தத் தெரிந்தவர், படிக்க முடியாத கையெழுத்துக்காரர். இவ்வளவு தகுதியும் உள்ள ஒரே ஆள் அந்த வீட்டில் மூலையில் துணி மடித்துக்கொண்டிருந்தார்.

ஹெச்.எம். இருமினால் ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்து வராந்தா முழுக்க அடங்கிவிடும். அவர் கையெழுத்தைப் படிக்க முடியாமல் பாதிப் பெற்றோர் திரும்பி வந்திருக்கிறார்கள்.

"முடியாது" என்றார் ஹெச்.எம்.

"நான் ஒண்ணும் பெரிசா கேக்கலியே. வந்து நின்னு இருமினா போதும்."

"நான் எதுக்கு அவகூட விளையாடணும்? அவளுக்கு நான் தேவையில்லாமத்தானே போனா?"

"நீ விளையாட வேண்டாம். பேசவும் வேண்டாம். பேசவே கூடாதுன்னு வேணும்னாலும் வச்சிக்கலாம். இருமறது மட்டும்தான் உன் வேலை."

ஹெச்.எம். கையிலிருந்த தலையணை உறையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "பேச மாட்டேன். முன்னாடியே சொல்லிட்டேன்" என்றார். சொல்லிவிட்டு உள்ளே போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். "என்ன பார்க்கறீங்க? பரீட்சைக்குப் போகலாமா வேண்டாமா?"

தேர்வுக் கூடத்தில் ஹெச்.எம். கதவுக்கு முன்னால் நின்று ஒரே ஒரு இருமல் இருமினார். அந்தத் தடுப்பில் மட்டுமில்லை, பக்கத்துத் தடுப்புகளிலும் கதவு திறந்துகொண்டது. இரண்டு ஊழியர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். பொம்மை வந்தபோது அவர் விரலைக்கூட முழுசாக நீட்டவில்லை, மணிக்கட்டை ஒரு சுண்டு சுண்டினார். 'பொம்மை இடமாற்றம் செய்யப்பட்டது' என்றது திரை. உயர்தரச் சான்று கொடுத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. டிவிக்கு முன்னால் ஹெச்.எம்., சோபாவுக்குப் பின்னால் தரையில், கேமராவுக்குத் தெரியாமல், கண்ணாடிக்காரர். சோபாவின் கைப்பிடிக்கும் குஷனுக்கும் நடுவே இருந்த சந்து வழியாகத்தான் அவருக்குத் திரை தெரிந்தது.

"அப்பா! வந்துட்டீங்களா!" என்று மகளின் குரல் டிவியிலிருந்து வந்தது. கண்ணாடிக்காரருக்கு மனசு நிறைந்துபோயிற்று.

"வந்துட்டேன்மா. ஆணையம் விட்டுடுச்சு."

முதல் கதவு வந்தது. ஹெச்.எம். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு இருமினார். இவர் பட்டனை அழுத்தினார். கதவு திறந்தது.

"யாருப்பா இருமறது?"

"அது... அம்மா."

ஹெச்.எம். உதட்டை இறுக்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார், மாளிகை நகர்ந்தது. அடுத்த கதவு. இருமல். அதற்கடுத்த கதவு. இருமல். ஆயிரங்கதவு என்றால் சும்மாவா? திறக்கத் திறக்க வந்துகொண்டே இருந்தது.

"தண்ணி குடிக்கச் சொல்லுங்கப்பா" என்றாள் மகள். குரலில் நர்ஸ் வந்துவிட்டாள். "எத்தனை நாளா இருக்கு?"

"சான்று வாங்கினதிலேர்ந்துதான்மா."

"சான்றா? அன்னைக்குச் சொன்னீங்களே, அது டாக்டர் சான்றா? எந்த டாக்டர்கிட்ட போனீங்க? எக்ஸ்ரே எடுத்தீங்களா?"

"எக்ஸ்ரேயெல்லாம் எதுக்கு? இது இருமல் இல்லம்மா. கதவு."

"என்னப்பா உளர்றீங்க? இவ்வளவு இருமறாங்க, கதவுங்கறீங்க!"

ஹெச்.எம். மறுபடி இருமினார், வேறு வழி? கதவு வந்துவிட்டதே.

"சளி இருக்கா? படுத்தா மூச்சு வாங்குதா? ஏம்ப்பா என்கிட்ட சொல்லல?" மகளுடைய பேச்சு உடைந்தது. "சொல்லக் கூடாதுன்னு அவங்க சொன்னாங்களா? உடம்புக்கு முடியாமப் போனாக்கூட எனக்குத் தெரியக் கூடாதா? அவ்வளவு கோபமா என் மேல இன்னும்?"

அடுத்த கதவுக்கு முன்னால் ஹெச்.எம். நின்றார். கைகள் பின்னால் கட்டியபடியே இருந்தன. இருமல் வரவில்லை. 'அசைவுக்காகக் காத்திருக்கிறோம்' என்றது திரை. டிவியில் மகள் அழுவது கேட்டது. சோபாவுக்குப் பின்னால் கண்ணாடிக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஒண்ணுமில்லடி" என்றார் ஹெச்.எம்.

அழுகை சட்டென்று நின்றது.

"கல்லு மாதிரி இருக்கேன். இந்த வீணாப்போன கதவுக்காகத்தான் இருமிட்டு இருக்கேன். உங்கப்பாவுக்கு ஒரு கதவைக்கூடத் திறக்கத் துப்பில்ல, அதான் நான் வந்து நிக்கிறேன். நீ எதுக்கு இப்ப அழற?"

"அம்மா..."

"அழாதேன்னு சொல்றேன்ல. முதல்ல பின்னாடி பாரு. ஒருத்தன் உன் கழுத்துக்கே வந்துட்டான்."

"எங்கேம்மா?"

"இடது பக்கம்டி! சின்ன வயசிலேர்ந்தே இவளுக்கு இடது எது வலது எதுன்னு தெரியாது. சரி விடு, நகரு, நான் பார்த்துக்கறேன்." ஹெச்.எம். மணிக்கட்டைச் சுண்டி ஒரு கையெழுத்துப் போட்டார். பொம்மை இடமாற்றமாகி மாளிகையின் எந்த மூலைக்கோ போய்ச் சேர்ந்தது. அந்தப் பக்கம் மகள் அழுகையும் சிரிப்புமாக ஏதோ சொன்னாள், பாதி புரியவில்லை. ஹெச்.எம்.முக்கு எல்லாம் புரிந்த மாதிரிதான் இருந்தது. ஒரு இருமல் இருமினார். இந்தக் கதவு உனக்குத் திறக்காது என்று சொன்ன அந்த மனுஷி, மகளுக்காகக் கதவு கதவாகத் திறந்துகொண்டே போனார்.

அப்போது திரையில் சிவப்பு எழுத்தில் ஒரு அறிவிப்பு வந்தது. 'அசைவாளர் கவனத்துக்கு: அனுமதிக்கப்படாத பேச்சு கண்டறியப்பட்டுள்ளது. தயவுசெய்து இருமலுடன் நிறுத்திக்கொள்ளவும். மெய்யசைவு ஆணையம்.'

ஹெச்.எம். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அதை முழுசாகப் படித்தார். பிறகு விரலைத் தூக்கி, அதன் மேலேயே ஒரு கையெழுத்துப் போட்டார். அறிவிப்பும் இடமாற்றம் செய்யப்பட்டது.

"ம், சொல்லுடி" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அந்தப் பெரிய டாக்டர் அப்புறம் என்ன சொன்னார்?"

சோபாவுக்குப் பின்னால் உட்கார்ந்து கண்ணாடிக்காரர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டுக்கொண்டார், மறுபடி கழற்றித் துடைத்தார். ஆணையம் அதைப் பார்க்கவில்லை. உதவியாளர்களைப் பார்க்கும் வழக்கம் அதற்கு இல்லை.